காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து போவது யார்?

1641 ஜனவரியில் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பறித்தார்கள். பிடித்த ஊரில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள், கோட்டை எந்த நிலையில் இருக்கிறது, வணிகத்தை எப்படி மீட்பது என்று பார்த்து எழுத, அந்த ஆண்டே பத்தாவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, ஓர் ஆணையரை அனுப்பினார்கள். அவர் பெயர் யூஸ்ட் ஸ்கௌட்டன். சயாமில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை முகவராக இருந்தவர். அந்த நாட்டைப் பற்றி அவர் எழுதிய நூல் ஐரோப்பாவில் நெடுங்காலம் படிக்கப்பட்டது. முற்றுகைக்குப் பிந்திய மலாக்காவைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதி அவருடைய அறிக்கையிலிருந்து வருவது. 1642இல் கடலோடி டாஸ்மன் ஒரு தீவுக்கு அவருடைய பெயரைச் சூட்டினார். டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில் அந்தத் தீவு இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. 1644 ஜூலையில் அதே ஸ்கௌட்டனைப் பத்தாவியாவில் கொன்றார்கள். குற்றம், ஆண்களோடு உறவுகொண்டது. கம்பெனிக்கு ஆற்றிய சேவையை நினைத்து ஒரு சலுகை கிடைத்தது. உயிரோடு எரிக்காமல், முதலில் கழுத்தை நெரித்துவிட்டுப் பிறகு எரித்தார்கள்.

சோதோம் பட்டணத்துக்கு வந்த அழிவு தங்கள் குடியேற்றத்துக்கும் வந்துவிடும் என்ற அச்சம் அந்தத் தண்டனையின் அடியில் இருந்தது. நீதிமன்றமும் திருச்சபையும் அப்போது ஒரே மொழியைப் பேசின. நம் நாட்டுப் பிரசங்க மேடைகளில் தன்பாலீர்ப்பை 'மேல்நாட்டு இறக்குமதி' என்று சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஸ்கௌட்டன் நினைவுக்கு வருகிறார். மலாக்காத் துறைமுகத்தில் கப்பலேறி வந்து இறங்கியது தண்டனைதான். மலாக்காவின் எல்லையான லிங்கி ஆற்றுக்கு அக்கரையில், ரெம்பாவில், 1970களின் இறுதியிலிருந்து களப்பணி செய்த மானிடவியலாளர் மைக்கேல் பெலெட்ஸ், பழைய மலாய் அரண்மனைகளில் ஆணென்றும் பெண்ணென்றும் வகுக்க முடியாத 'சிடா-சிடா' என்னும் பணியாளர்களுக்கு மரியாதையான இடம் இருந்ததைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். டச்சுக்காரர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயர்கள், 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை முன்மாதிரியாக வைத்து 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு ஒரு சட்டம் இயற்றினார்கள். பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா மூன்றும் அதன்கீழ் வந்தன. அதில் 'இயற்கைக்கு மாறான' உறவைத் தண்டித்த 377ஆம் பிரிவுதான் 377ஏ, 377பி என்று இன்றைய மலேசியத் தண்டனைச் சட்டத்தில் நிற்கிறது. 20 ஆண்டுவரை சிறை, பிரம்படி வேறு. சமயம் பார்க்காமல் எல்லாருக்கும் பொருந்துவது அது. முஸ்லிம்களுக்கு அதற்கு மேல் மாநில ஷரியா சட்டங்களும் உண்டு.

இந்தப் பின்னணியில்தான், பால்புதுமையினரோடு ஒப்புரவாக விரும்பும் கிறித்தவர்கள் என்ற பேச்சை லூபோக் சீனா போன்ற ஓர் ஊரில் வைத்து யோசிக்க வேண்டியிருக்கிறது. மலாக்காவின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் சிறு ஊர் அது. ஆற்றைத் தாண்டினால் நெகிரி செம்பிலான். சுற்றுவட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, சனம் மஸ்ஜிட் தானாவுக்கும் அலோர் காஜாவுக்கும் மலாக்கா நகரத்து டாமான் வீடுகளுக்கும் பெயர்ந்தது. தோட்டப்புறத்தில் வீட்டுக் கூட்டமாக இருந்த சபைகளும் கூடவே கடைவீட்டு மாடிகளுக்குப் பெயர்ந்தன. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர்களில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் கிறித்தவர்கள். சிறுபான்மைக்குள் சிறுபான்மை. கத்தோலிக்கர், மெதடிஸ்ட், லுத்தரன் என்று பழைய சபைகள் ஒருபக்கம், பெந்தெகொஸ்தே சபைகள் மறுபக்கம் என்று அதுவும் பிரிந்து கிடக்கிறது.

இப்படிப்பட்ட சபையில் ஒரு பிள்ளை வீட்டில் உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது ஓரளவுக்கு எல்லாருக்கும் தெரிந்ததே. முதலில் அம்மா அழுவார். பிறகு பாஸ்டருக்குச் சொல்லியாகும். பாஸ்டர் வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து, அந்த ஆவியைக் கட்டி ஜெபிப்பார். மூன்று நாள் உபவாசம் போடச் சொல்வார்கள். பையன் பாடகர் குழுவில் இருந்தால் 'கொஞ்ச நாளைக்கு' மைக் கொடுக்கமாட்டார்கள். கொஞ்ச நாள் எவ்வளவு நாள் என்று யாரும் சொல்வதில்லை. பெண்பிள்ளையாக இருந்தால் அவசரமாக வரன் பார்ப்பார்கள். கடைசியில் பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைக்கும், தீபாவளி விடுமுறைக்கும் கிறிஸ்மஸ் விடுமுறைக்கும் மட்டும் வருவார், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். திருநங்கையாக இருந்தால் அந்த வழியும் இல்லை. உடல் மறைக்க விடாது. வீட்டைவிட்டுத்தான் போக வேண்டும்.

இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொள்வதில்லை என்பதுதான் சிக்கல். பாஸ்டர் உண்மையாகவே அந்தப் பிள்ளையின் மீட்புக்காகத்தான் ஜெபிக்கிறார். அம்மா உண்மையாகவே பயப்படுகிறார். 2017 ஜூனில் பினாங்கில் 18 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர், பெண்மை கொண்டவர் என்று நெடுநாள் கேலி செய்யப்பட்டு, பிறகு தாக்கப்பட்டு மருத்துவமனையில் இறந்தார். அந்தச் செய்திக்குப் பிறகு அம்மாக்களின் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் பிள்ளையை அடிப்பவனுக்கும் பிள்ளையின்மேல் கைவைத்து ஜெபிப்பவருக்கும் பொதுவாக ஒரு முடிவு இருக்கிறது: இந்தப் பிள்ளை இப்படி இருக்கக் கூடாது என்ற முடிவு.

'மாற்றும்' ஊழியங்கள் இந்த முடிவின்மேல் கட்டப்பட்டவை. இவற்றுள் பெரியது அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய எக்ஸோடஸ் இண்டர்நேஷனல். ஜெபம், ஆலோசனை, சாட்சி ஆகியவற்றின் வழியே தன்பாலீர்ப்பிலிருந்து வெளியேறலாம் என்பது அதன் வாக்குறுதி. உலகெங்கும் அதற்குக் கிளைகளும் வாரிசுகளும் முளைத்தன. 2013 ஜூனில் அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தாங்கள் ஏற்படுத்திய வலிக்காகவும் அவமானத்துக்காகவும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அமைப்பையும் மூடினார். மன்னிப்புக் கேட்டுவிட்டு அதே கடையை நடத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம் பக்கத்தில் அந்தச் செய்தி சரியாகக் கேட்கவில்லை. தாய்க் கழகம் மூடிய பிறகும் இங்கே சரக்கு விற்றுக்கொண்டிருக்கிறது. இதில் ஒரு முரண்நகையும் உண்டு. 2011 முதல் மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை, அதாவது ஜாக்கிம், 'முக்காய்யாம்' என்ற முகாம்களை நடத்துகிறது. முஸ்லிம் பால்புதுமையினரைத் 'திருப்பிக் கொண்டுவருவது' அதன் நோக்கம். இறைவனை எந்தப் பெயரால் அழைப்பது என்பதில்கூட நீதிமன்றம்வரை போன இரு சமயத்தார், இந்த ஒன்றில் மட்டும் ஒரே பாடத்திட்டத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

நீதிமன்றத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மலேசியத் திருச்சபைகள் இந்தப் பேச்சில் வாய்திறக்கத் தயங்குவதற்குத் திருமறை வசனங்கள் மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. 2009 டிசம்பர் 31 அன்று கத்தோலிக்கத் திருச்சபையின் 'ஹெரால்ட்' இதழ் 'அல்லா' என்ற சொல்லைப் பயன்படுத்தலாம் என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த சில நாள்களில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பிற இடங்களிலும் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. 2017 பிப்ரவரியில் பாஸ்டர் ரேமண்ட் கோ பட்டப்பகலில் காரிலிருந்து கடத்தப்பட்டார். அதைச் செய்தது காவல்துறையின் சிறப்புப் பிரிவு என்று 2019இல் மனித உரிமை ஆணையமான சுஹாகாம் முடிவுக்கு வந்தது. இவ்வளவையும் பார்த்த ஒரு சபை மூப்பர் 'நமக்கு எதற்கு வம்பு' என்று சொல்வது கோழைத்தனம் மட்டுமில்லை. கதவைத் திறந்து வைத்தால் உள்ளே வருகிறவர்களில் முஸ்லிமாகப் பிறந்தவரும் இருக்கலாம். அவருக்கு ஆறுதல் சொல்வதுகூட மதமாற்ற முயற்சி என்று படிக்கப்படலாம். ஆய்வாளர் தெ யிக் கூன் 2000ஆம் ஆண்டுவாக்கில் 507 மாக் ஞாக்களிடம், அதாவது மலேசியத் திருநங்கைகளிடம், ஆய்வு செய்தபோது பெரும்பான்மையினர் மலாய்க்காரர்களாகவே இருந்தார்கள். ஆகவே 'எல்லாரும் வரலாம்' என்று கோலாலம்பூரிலோ மலாக்காவிலோ ஒரு சபை எழுதி மாட்டினால், அந்த 'எல்லாரும்' சட்டத்தின் எல்லைக்குள் நிற்கும் எல்லாரும்தான். வெளிநாட்டு ஒப்புரவுக் கதைகளை அப்படியே இங்கே நட்டுவைக்க முடியாததற்கு இது முதற்காரணம்.

ஆனாலும் நட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஓயாங் வென் ஃபெங் சீனப் பத்திரிகைகளில் எழுதிவந்தவர், ஒரு பெண்ணை மணந்து சில ஆண்டுகள் வாழ்ந்தவர். 2006இல் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச்சில் போதகராக அருட்பொழிவு பெற்று, கோலாலம்பூரில் ஒரு சபையைத் தொடங்கினார். 2011இல் நியூயார்க்கில் ஓர் ஆணை மணந்தார். 2012இல் கோலாலம்பூரில் விருந்து வைத்தபோது நாடு முழுவதும் கண்டனம். மெட்ரோபாலிட்டன் சபை என்பது 1968 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் டிராய் பெர்ரி என்ற போதகர் தன் வீட்டு ஹாலில் 12 பேரோடு தொடங்கியது. தோட்டத்து வீட்டுக் கூட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. இருந்தும் ஓயாங்கின் முயற்சியை நான் ஒப்புரவு என்று சொல்லத் தயங்குகிறேன். அவர் தள்ளப்பட்டவர், தனக்கும் தன்னைப்போன்றவர்களுக்கும் ஒரு கூரை போட்டுக்கொண்டார். அது நியாயமானது, தைரியமானது. தள்ளியவர்கள் அதில் பங்கெடுக்கவில்லை.

தள்ளிய பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்ததற்கு உதாரணம் வேண்டுமென்றால் யாப் கிம் ஹாவைத்தான் சொல்ல வேண்டும். 1968இல் மலேசியா-சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபைக்கு முதல் ஆசியப் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இரு நாட்டுச் சபைகளும் அப்போது பிரிந்திருக்கவில்லை, ஆகவே நம்மூர்த் தமிழ் மெதடிஸ்டுகளுக்கும் அவரே பேராயர். பிறகு ஆசியக் கிறித்தவ மாநாட்டின் பொதுச்செயலாளர். ஓய்வுபெற்று, மரியாதையும் மாலையுமாகக் காலத்தைக் கழித்திருக்கலாம். எழுபது வயதைத் தாண்டியபின், சிங்கப்பூரில் தன்பாலீர்ப்புக் கிறித்தவர்கள் கூடிவந்த ஃப்ரீ கம்யூனிட்டி சர்ச்சுக்கு ஆலோசகராகப் போய் உட்கார்ந்தார். அங்கே பிரசங்கம் செய்தார், பத்திரிகைகளில் அவர்களுக்காக வாதாடினார். அவர் வளர்த்த திருச்சபை அவரோடு உடன்படவில்லை. 2017 நவம்பரில் 88 வயதில் இறக்கும்வரை அவர் பின்வாங்கவும் இல்லை. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 377ஏ பிரிவை நீக்கியது 2022 நவம்பரில். அதைப் பார்க்க அவர் இல்லை.

காணிக்கையைப் பீடத்தில் செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவு கேட்கிறது. மனத்தாங்கல் யாருக்கு என்பதில்தான் அதன் கூர்மை இருக்கிறது. மனம் புண்பட்டவனைத் தேடிப்போகும் வேலை புண்படுத்தியவனுடையது. நம் சபைகளில் இதைத் தலைகீழாக வாசிக்கிறோம். பிள்ளை மனந்திரும்பி வரட்டும், அப்பா கையை விரித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார் என்கிறோம். பிள்ளை ஊதாரி மைந்தன் என்று யார் தீர்மானித்தார்கள்? அவர் சொத்தைப் பிரித்துக் கேட்கவில்லை. வீட்டைவிட்டு அனுப்பப்பட்டவர் அவர்.

தமிழ்க் கிறித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதியை விட்டொழிக்க வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கமாட்டோம் என்று சபையைவிட்டு வெளியேறியவர்கள் உண்டு. எதிர்த்தவர்களும் வேதவசனத்தோடுதான் வந்தார்கள், முன்னோர் வழக்கம் என்றார்கள், குடும்பம் சிதையும் என்றார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கர்களின் குழிகளைப் பிரிக்க எழுப்பிய சுவர் நம் காலம்வரை நின்றது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் கிறித்தவர்களுக்கு இழைத்த அநீதியை ஒப்புக்கொண்டு கொள்கை ஆவணம் வெளியிட்டது 2016 டிசம்பரில்தான். சுற்றறிக்கையிலிருந்து ஒப்புக்கொள்ளல்வரை 180 ஆண்டுகளுக்கு மேல். சாதியும் பாலீர்ப்பும் ஒன்றல்ல, ஒப்பிட்டால் இரு தரப்பிலும் கோபப்படுவார்கள். ஆயினும் சபை எந்த இடங்களில் ஒருவரைத் தள்ளுகிறது என்று பார்த்தால் இடங்கள் அதேதான்: திருவிருந்துப் பந்தி, பாடகர் குழு, கல்யாண மேடை, கல்லறை.

இந்தியாவில் இந்தப் பேச்சு நம்மைவிடச் சில அடி முன்னால் இருக்கிறது, ஒழுங்காக இல்லாவிட்டாலும். 2009 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம் 377ஆம் பிரிவைத் தளர்த்தியதும், அதை எதிர்த்து உச்சநீதிமன்றத்துக்குப் போனவர்களில் கேரளத்தின் அப்போஸ்தலிக் சர்ச்சஸ் அலையன்ஸும் ஒடிசாவின் உத்கல் கிறிஸ்டியன் கவுன்சிலும் இருந்தன. 2013 டிசம்பரில் அவர்கள் வென்றபோது, மும்பைப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ், இவர்களைக் குற்றவாளிகளாகத் திருச்சபை கருதியதில்லை என்று சொன்னார். அந்த நேரத்தில் அப்படிச் சொல்ல மனத்துணிவு வேண்டும். 2015இல் ஜார்ஜ் சக்கரியாவும் வின்சென்ட் ராஜ்குமாரும் திருச்சபைக்குள் இருக்கும் இந்த வெறுப்பைப் பற்றியே ஒரு கட்டுரைத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். இறையியல் கல்லூரி வகுப்பறைகளில் பேச்சு நுழைந்தது. கேரளத்தில் இன்னும் நேரடியான ஒன்று நடந்தது. 2016 டிசம்பரில் கொச்சியில் படிப்பை இடையில் விட்ட திருநர்களுக்காக 'சஹஜ்' பள்ளி தொடங்கியபோது, பல வீட்டுக்காரர்கள் இடம் தர மறுத்தார்கள். கர்மேல் சபைக் கன்னியர்கள் இடம் கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டில் பாரதி. செங்கல்பட்டு அருகே நத்தத்தில், எவாஞ்சலிக்கல் சர்ச் ஆஃப் இந்தியாவின் போதகராகப் பணியாற்றிய திருநங்கை. இறையியல் படித்துப் பட்டம் பெற்று, 2010களின் தொடக்கத்திலேயே அவர் ஞானஸ்நானமும் திருமணமும் நடத்திவைத்தார். தாராளவாதத்துக்குப் பேர்போன திருச்சபை அல்ல அது. சுவிசேஷ ஊழியத்தில் தீவிரமான சபை. தமிழ்க் கிராமத்தில் ஒரு திருநங்கையின் கையால் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்ற ஒரு தகவல், எத்தனையோ கருத்தரங்குகளைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் இதிலும் ஒரு நெருடல் இருக்கிறது. திருநங்கை என்றால் தமிழ்ச் சமூகம் ஓரளவு இளகுகிறது. 2008இலேயே தமிழக அரசு நலவாரியம் அமைத்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்யச் சொன்னது. இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்ந்தால் அந்த இளக்கம் காணாமல் போகிறது. சபைகளும் அந்தக் கோட்டில்தான் நிற்கின்றன.

அந்தக் கோட்டைத் தாண்டிய தமிழ் நிகழ்வு ஒன்று, தேவாலயத்தில் இல்லாமல் நீதிமன்றத்தில் நடந்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு பெண்களின் வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. தனக்கு இந்த விஷயம் புரியவில்லை, முன்முடிவுகள் இருக்கின்றன என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். அதன்பிறகே 2021 ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். பாலீர்ப்பை மருத்துவத்தால் 'மாற்றும்' முயற்சிகளுக்கு அதில் தடை இருந்தது. ஒரு பாஸ்டர் இதில் பாதியைச் செய்தால் போதும்: கைவைத்து ஜெபிப்பதற்கு முன் உட்கார்ந்து கேட்பது.

கத்தோலிக்கர்களுக்கு ரோமிலிருந்து வந்தவை தெரிந்தவைதான். தன்பாலீர்ப்பு குற்றம் அல்ல என்று 2023 ஜனவரியில் போப் பிரான்சிஸ் சொன்னார். அவ்வாண்டு டிசம்பர் 18 அன்று வந்த ஆவணம், திருமணமாகக் கருதாமல், தன்பால் இணையருக்கு எளிய ஆசீர் அளிக்கலாம் என்றது. ஆப்பிரிக்க ஆயர்கள் மறுத்தார்கள். மலாக்காத் தமிழ்ப் பங்குகளில் ஞாயிறு மறையுரைக்குள் அது வரவில்லை என்றால் வியப்பதற்கில்லை. எனக்கு அதைவிடப் பயனுள்ளதாகத் தோன்றுவது 2023 அக்டோபர் 31 தேதியிட்ட சிறிய பதில் ஒன்று. திருநர்கள் மற்றவர்களைப்போலவே திருமுழுக்குப் பெறலாம், சில நிபந்தனைகளோடு ஞானப்பெற்றோராகவும் இருக்கலாம் என்கிறது அது. பெரிய கோட்பாட்டு மாற்றம் ஒன்றுமில்லை. பங்கு அலுவலகத்தில் ஒரு படிவத்தை நிரப்பும் விஷயம்.

லூபோக் சீனா வட்டாரத்துக்கு அந்த அளவு பொருந்தும் என்று நினைக்கிறேன். 377 நாளைக்கே போகப்போவதில்லை. எந்தத் தமிழ்ச் சபையும் தன்பால் திருமணத்தை நடத்தப்போவதுமில்லை. ஆனால் ஆவியைக் கட்டும் ஜெபத்தை நிறுத்தத் தண்டனைச் சட்டம் தடையாக இல்லை. பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பாதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்ல எந்த அனுமதியும் வேண்டாம். மைக்கைத் திருப்பிக் கொடுப்பதற்கும் வேண்டாம். மலாக்காவில் பிறந்த நிஷா ஆயுப், அமெரிக்க வெளியுறவுத் துறையின் துணிச்சல் மிக்க பெண்களுக்கான பன்னாட்டு விருதை 2016இல் பெற்ற முதல் திருநங்கை. கோலாலம்பூரில் அவர் சேர்ந்து தொடங்கிய சீட் அறக்கட்டளை வீடில்லாத திருநர்களுக்குச் சோறும் ஒதுங்க இடமும் பார்க்கிறது. வயதான திருநங்கைகளை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு, முதியோர் இல்லம் நடத்தும் சபைகள் பதில் சொல்லலாம்.

சாவுதான் கடைசிச் சோதனை. ஊரைவிட்டுப் போய் இருபது முப்பது ஆண்டுகள் பெண்ணாக வாழ்ந்தவர் இறந்து, உடல் சொந்த ஊருக்கு வருகிறது. குடும்பம் முடியைக் கத்தரிக்கிறது, சட்டை பேண்ட் போட்டுப் பெட்டியில் வைக்கிறது, அடையாள அட்டையில் இருந்த ஆண்பெயரைச் சிலுவையில் எழுதுகிறது. கூட வாழ்ந்த தோழிகள் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். அடையாள அட்டையில் பெயரையும் பாலினத்தையும் மாற்றக் கேட்டவர்களுக்கு மலேசிய நீதிமன்றங்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பதில் சொல்லியிருக்கின்றன. தேசியப் பதிவுத்துறை அதில் இளகுவதில்லை. அடக்க ஆராதனைத் தாளை அச்சடிப்பது பதிவுத்துறை இல்லை. அதில் எந்தப் பெயரைப் போடுவது, தோழிகளை எந்த வரிசையில் உட்காரவைப்பது, பெட்டியை மூடுமுன் புடவையைக் கொண்டுவரச் சொல்வதா வேண்டாமா என்பதெல்லாம் அன்று காலை போதகரும் குடும்பமும் வரவேற்பறையில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிற காரியங்கள்.